ஸ்கூபா கருவிகளைக் கடையில் வாங்குவதா, இணையத்தில் வாங்குவதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற பருவத்தில் ஒரு நாள் காலை, புதுச்சேரியில் படகு புறப்படுவதற்குச் சற்று முன்பு, டைவிங்கின் முதல் நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழை அப்போதுதான் பெற்றிருந்த ஓர் இளைஞர், சிலிண்டரிலிருந்து மூச்சுக்குக் காற்று தரும் கருவியான ரெகுலேட்டர் ஒன்றைத் தம் பையிலிருந்து புத்தம்புதிதாக வெளியே எடுத்தார். வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் தள்ளுபடி விலைக்கு வாங்கியதாகச் சொன்னார். முகத்தில் பெருமை தெரிந்தது. எங்கள் சிலிண்டரில் பொருத்தப் பார்த்தோம், பொருந்தவில்லை. அன்று அவர் எங்களுடைய பழைய வாடகை ரெகுலேட்டரை மாட்டிக்கொண்டுதான் கடலில் இறங்கினார்; புதியது படகின் இருக்கைக்கு அடியில் துண்டில் சுற்றியபடி கிடந்தது. மற்றவர்கள் அவரைக் கேலி செய்தபோது என்னால் சேர்ந்துகொள்ள முடியவில்லை. நானும் ஒரு காலத்தில் அதே வழியில்தான் பணத்தைத் தொலைத்தேன்.

காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ் அளவு தவறுவது, பை சிறியதாகப் போவது போன்ற சில்லறைப் பிழைகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவை முதல் நாளே தெரிந்துவிடும், மாற்றிக்கொள்ளவும் முடியும். ஓராண்டு, ஈராண்டு கழித்துத்தான் தெரியவரும் தவறுகளே கையைக் கடிப்பவை.

சர்வீஸ் செய்ய ஆள் இருக்கிறாரா என்று விசாரிக்காமல் ரெகுலேட்டர் வாங்குவது

நான் முதன்முதலில் சொந்தமாக ரெகுலேட்டர் வாங்க நினைத்தபோது, நான் பயின்ற கடையில் ஒரு விலை சொன்னார்கள். வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால், அதே மாடல் ஒன்பதாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தது. கடைக்காரர் நம்மை ஏமாற்றப் பார்க்கிறார் என்ற முடிவுக்கு வர எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்து கொடுத்தார். பெட்டி புதியது, கருவியும் புதியது. உத்தரவாத அட்டையில் மட்டும் விற்பனையாளரின் முத்திரை இல்லை. அதை நான் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை.

பதினான்கு மாதங்கள் சிக்கல் எதுவும் இல்லை. பிறகு திருகோணமலைக்குச் சென்றிருந்தபோது, பதினாறு மீட்டர் ஆழத்தில், ரெகுலேட்டரின் வாயில் வைக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜிலிருந்து காற்று தானாகவே பீறிட்டு வெளியேறத் தொடங்கியது. வாயிலிருந்து எடுத்துத் தட்டிப் பார்த்தும் நிற்கவில்லை. மீதிக் காற்றைக் காட்டும் கேஜில் முள் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. உடன் வந்தவரின் ஆக்டோபஸை, அதாவது அவரது உபரி செகண்ட் ஸ்டேஜைப் பெற்றுக்கொண்டு இருவரும் நிதானமாக மேலே வந்தோம். ஆபத்து எதுவும் நேரவில்லை, ஆனால் அந்தப் பயணத்தின் மீதி நான்கு டைவ்களையும் வாடகைக் கருவியில்தான் செய்ய வேண்டியதாயிற்று.

ஊர் திரும்பியதும் நான் பயின்ற அதே கடைக்கே வெட்கத்தோடு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் ஒரு வார்த்தையும் குத்திப் பேசாமல், மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டையான பிசிடியில் காற்று நிரப்பும் குழாயின் முனையில் ஒரு சிறிய அழுத்தமானியைச் செருகி, சிலிண்டரைத் திறந்து காட்டினார். சிலிண்டரில் பொருத்தும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வேலை, சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்த அலகு) அளவில் இருக்கும் அழுத்தத்தை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9 முதல் 10 பார் மட்டுமே கூடுதலாக இருக்குமாறு குறைத்துத் தருவதாகும். நல்ல நிலையில் உள்ள கருவியில் முள் அந்த இடத்துக்கு வந்ததும் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும். என்னுடையதில் முள் 9.5-இல் நின்றதுபோல் தோன்றி, பிறகு மெல்ல 10, 11, 12 என்று ஊர்ந்து ஏறியது. 13-ஐ நெருங்கியபோது செகண்ட் ஸ்டேஜ் தாக்குப்பிடிக்க முடியாமல் சீறத் தொடங்கியது. உள்ளே இருக்கும் சீட் எனப்படும் பிளாஸ்டிக் துண்டு தேய்ந்து, உயரழுத்தக் காற்றை முழுமையாக அடைக்கவில்லை என்பதே அதன் பொருள். அந்தத் துண்டு ஒரு துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான்.

அதை மாற்றக் கடைக்காரரிடம் ஆள் இருந்தார், கருவிகள் இருந்தன. உதிரிபாகம் மட்டும் இல்லை. பெரும்பாலான ரெகுலேட்டர் நிறுவனங்கள் உதிரிபாகத் தொகுப்பான சர்வீஸ் கிட்டைத் தம்மிடம் பயிற்சி பெற்ற தொழில்நுட்பருக்கும் அங்கீகரித்த முகவருக்கும் மட்டுமே விற்கின்றன. நான் வாங்கிய நிறுவனத்துக்கு அப்போது நம் நாட்டில் அத்தகைய முகவர் எவரும் எனக்குக் கிடைக்கவில்லை. நிறுவனத்துக்கு எழுதினேன். கருவி அங்கீகாரமற்ற விற்பனையாளர் வழியாக வந்தது என்பதால் உத்தரவாதம் செல்லாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. இணையதளத்துக்கு எழுதினேன், அவர்கள் பதிலே போடவில்லை.

கடைசியில் சிங்கப்பூரில் ஒரு பட்டறைக்குக் கூரியரில் அனுப்பினேன். சீட்டும், காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளும் மாற்றுவதற்கான செலவு பெரிதில்லை. போகவர கூரியர் கட்டணம் அதைவிட அதிகம். திரும்பி வந்தபோது சுங்கத்தில் அதைப் புதிய இறக்குமதியாகவே கணக்கிட்டு வரி கேட்டார்கள். பழுதுபார்ப்பதற்காக வெளியே அனுப்பப்பட்ட பொருள் என்பதற்கு, அனுப்பும்போதே சுங்கத்தில் பதிவு செய்து ஆவணம் பெற்றிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை அன்று ரசீது ரசீதாகப் படித்தேன். மிச்சம் பிடித்த ஒன்பதாயிரமும் போய், அதற்கு மேலும் ஆறாயிரம் போயிற்று. அத்துடன் வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய நல்ல நாட்கள் முழுவதும் கருவி தபாலிலேயே கழிந்தது.

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது பணம் போனதல்ல. வாங்குவதற்கு முன்பு, “இதை ஆண்டுதோறும் யார் திறந்து பார்ப்பார்கள், உதிரிபாகம் எங்கிருந்து வரும்?” என்று ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்கலாம், அதைக்கூட நான் கேட்கவில்லை. ரெகுலேட்டர் செருப்பைப்போல் தேயும் வரை போட்டுவிட்டுத் தூக்கி எறியும் பொருளன்று. ஆண்டுக்கொரு முறை பரிசோதனையும், நிறுவனம் சொல்லும் கெடுவில் முழு சர்வீஸும் செய்தால் இருபது ஆண்டுகள்கூட உழைக்கும். ஆகவே அதன் விலையை மதிப்பிடும்போது, அந்த இருபது ஆண்டுச் சர்வீஸ் எந்த ஊரில், யார் கையால், எத்தனை நாளில் நடக்கும் என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். நம் கடற்கரையில் ஆண்டின் சில மாதங்களுக்குக் கருவி அலமாரியில் ஈரக்காற்றோடு சும்மா கிடக்கிறது. டைவ் எண்ணிக்கை குறைவுதானே என்று சர்வீஸைத் தள்ளிப்போடவும் கூடாது. ஓ-ரிங் கிடந்தும் கெடும்.

இணையத்தில் ரெகுலேட்டர் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கீகரிக்கப்பட்ட முகவர்களே இணையத்திலும் விற்கிறார்கள். விற்பவரின் பெயர் நிறுவனத்தின் முகவர் பட்டியலில் இருக்கிறதா, பெட்டியில் உள்ள தொடர் எண்ணும் கருவியில் பொறித்த தொடர் எண்ணும் ஒன்றா, அந்த எண்ணை நிறுவனத்தில் பதிவு செய்ய முடிகிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் அல்லது ஓர் இரவுப் பேருந்துத் தொலைவில் அதைச் சர்வீஸ் செய்பவர் இருந்தால், எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள்.

டின், யோக் வேறுபாடு தெரியாமல் வாங்குவது

படகில் அந்த இளைஞருக்கு நேர்ந்தது இதுதான். ரெகுலேட்டரைச் சிலிண்டரில் இணைக்கும் முறைகள்தாம் டின்னும் யோக்கும். யோக் வகை, சிலிண்டர் வால்வின் மேல் கவ்வி, பின்னாலிருந்து திருகி இறுக்கப்படும். டின் வகை, வால்வுக்குள்ளேயே மரை சுற்றி உட்காரும். அது உறுதியான இணைப்பு, ஓ-ரிங் பிதுங்கும் வாய்ப்பும் குறைவு. ஐரோப்பாவில் டின் பரவலாக இருப்பதால் அங்கிருந்து விற்கும் இணையதளங்கள் அதையே முன்னால் வைக்கின்றன. இந்தியாவில் வாடகைக்குக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டர்களில் நான் பார்த்தவரை யோக் வால்வே மிகுதி. சில வால்வுகளில் நடுவே உள்ள செருகியைக் கழற்றினால் டின்னும் பொருந்தும். ஆனால் அது எல்லா வால்விலும் இருக்காது. டின் வாங்கியவர்கள் ஒரு யோக் அடாப்டரையும் சேர்த்து வாங்கினால் சிக்கல் தீர்ந்தது. அடாப்டர் ஃபர்ஸ்ட் ஸ்டேஜைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுவதால் சிலருக்குப் பின்னந்தலை இடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கியிருந்தால், அவர்கள் தங்கள் சிலிண்டரிலேயே பொருத்திக் காட்டியிருப்பார்கள்.

மாஸ்க்கைப் படம் பார்த்து வாங்குவது

வாங்காதீர்கள். முகத்தில் இடைவெளியின்றிப் பதிகிறதா என்பது படத்தில் தெரியாது. மீசை வைத்திருப்பவர்கள் கண்டிப்பாக வாங்காதீர்கள்.

கடையில் அணிந்து பார்த்துவிட்டு இணையத்தில் வாங்குவது

இதைத் தவறு என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஒருவர் என் நண்பரின் கடையில் ஒன்றரை மணி நேரம் செலவிட்டு, மூன்று மில்லிமீட்டர் வெட்சூட்டில் நான்கு அளவுகளைப் போட்டுப் பார்த்து, எது பொருந்துகிறது என்று தெரிந்துகொண்டு, அங்கேயே நின்று கைப்பேசியில் வேறிடத்தில் பதிவு செய்தார். வந்து சேர்ந்த சூட் வேறு நிறுவனத்தினுடையது. ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் லார்ஜ். கழுத்து வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்தது. அதைச் சிறிது பிடித்துத் தைத்துத் தர முடியுமா என்று கேட்டு அதே கடைக்கு வந்தார். நண்பர் தைத்துக் கொடுத்தார். நானாக இருந்தால் கொடுத்திருப்பேனா என்பது ஐயமே. சிலிண்டரில் காற்று நிரப்பித் தரும் கம்ப்ரசர் அந்தக் கடையில்தான் இருக்கிறது. அந்தக் கடை மூடப்பட்டால் உங்கள் சூட் பொருந்தி என்ன பயன்?

பயிற்சி முடிந்த மாலையிலேயே முழு செட்டையும் கடையில் வாங்கிவிடுவது

இது கடைப் பக்கத்துத் தவறு. நான்காவது டைவ் முடித்து, சான்றிதழ் கிடைத்த மகிழ்ச்சியில் இருப்பவரிடம் விற்பது எளிது. பயிற்றுநரின் வாயிலிருந்து வருவதெல்லாம் அப்போது வேதமாகத் தோன்றும். ஆனால் கடையில் இருப்பது அவர்கள் முகவராக உள்ள ஒன்றிரண்டு நிறுவனங்களின் சரக்கு மட்டுமே. அது உங்களுக்கு ஏற்றதா என்பது வேறு கேள்வி. தோளில் சுமக்கும் ஜாக்கெட் வகை பிசிடி வாங்கியவர்களில் பலர், இருபது டைவ்களுக்குப் பிறகு முதுகுப்புறம் மட்டும் காற்று நிரம்பும் வகையை விரும்பத் தொடங்குகிறார்கள். விமானத்தில் அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ எடுத்துச் செல்லும்போதுதான் ஜாக்கெட்டின் எடையும் உறைக்கும். முதலில் மாஸ்க்கும், ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரும் வாங்குங்கள். மற்றவற்றை இருபது டைவ் வரை வாடகைக்கு எடுத்து, வெவ்வேறு வகைகளைப் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரை அங்கீகரிக்கப்பட்ட இணைய விற்பனையாளரிடம் வாங்குவதில் எனக்குத் தயக்கமில்லை. பேட்டரியை நாமே மாற்றக்கூடிய மாடலா என்பதை மட்டும் பாருங்கள். அப்படியில்லையென்றால் ரெகுலேட்டர் கதைதான் மீண்டும்.

சிலிண்டரை இணையத்தில் வரவழைப்பது

வேண்டாம். இந்தியாவில் அழுத்த வாயு சிலிண்டர்களை 2016-ஆம் ஆண்டின் வாயு சிலிண்டர் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்ய முடியாது. தப்பித்தவறி வந்து சேர்ந்தாலும், ஒழுங்கான கடை எதுவும் அதில் காற்று நிரப்பாது.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது, தண்ணீர்ப் பாட்டில் அளவில், கையால் அடிக்கும் பம்புடன் விற்கப்படும் குட்டி சிலிண்டர்கள்தாம். அரை லிட்டர் கொள்ளளவில் 200 பார் அடைத்தால் கிடைப்பது 100 லிட்டர் காற்று. பதற்றமில்லாமல் மூச்சு விடும் ஒருவருக்கே அது நீர்மட்டத்தில் ஐந்தாறு நிமிடம்தான் வரும். பத்து மீட்டர் ஆழத்தில் அதில் பாதி. விளம்பரத்தில் சொல்லாதது இன்னொன்றும் உண்டு. நீருக்கடியில் அழுத்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால், இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து வந்தாலும் நுரையீரல் விரிந்து கிழியக்கூடும். பயிற்சி பெற்றவருக்கு மூச்சைப் பிடிக்கக் கூடாது என்பது முதல் பாடம். இதை வாங்கிக் கிணற்றிலோ நீச்சல் குளத்திலோ பிள்ளைகளுக்குக் கொடுப்பவருக்கு அந்தப் பாடத்தைச் சொல்ல எதிரே ஆள் இல்லை. ஒரு கடைக்காரரிடம் இதைக் கேட்டிருந்தால், சான்றிதழ் எங்கே என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

டார்ச், மிதவை, ரீல், கொக்கிகள், வலைப்பை

இணையத்திலேயே வாங்குங்கள்.

பழைய ரெகுலேட்டரைப் புகைப்படம் பார்த்து வாங்குவது

விற்பவர் எப்போதும் செகண்ட் ஸ்டேஜின் பளபளப்பான முகப்பைத்தான் படம் எடுத்துப் போடுவார். ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் காற்று நுழையும் வாயைத் தூசி மூடியில்லாமல், வெளிச்சத்தில், நெருக்கத்தில் எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். அங்கே சிறு வில்லைபோல் ஒரு வடிகட்டி தெரியும். அது வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டும். பச்சையேறியிருந்தால் மூடியை ஈரத்தோடு மாட்டியதாலோ மூடாமல் கழுவியதாலோ உப்புநீர் உள்ளே போயிருக்கிறது. பழுப்பு நிறம் இருந்தால் துருப்பிடித்த சிலிண்டரிலிருந்து தூள் வந்திருக்கிறது. படம் அனுப்ப மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. சென்ற மாதம் என் மாணவி ஒருவர் இப்படிக் கேட்டபோது, விற்பவர் அந்தப் படத்தை அனுப்பாமல் விலையில் இரண்டாயிரம் குறைப்பதாகச் சொன்னார். மாணவி மறுபடியும் படத்தைத்தான் கேட்டார். மறுநாள் அந்த விளம்பரமே காணாமல் போயிருந்தது.