பெட்ரோல் பிரஷர் வாஷர்: இன்ஜினைப் பார்க்கிறோம், பம்பை மறக்கிறோம்

பைக் வைத்துப் பழகிய நமக்கு இன்ஜினைக் கவனிக்கத் தெரியும். ஆயில், பிளக், ஏர் ஃபில்டர் என்று பார்த்துவிடுவோம். ஆனால் தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷரில் முதலில் கெடுவது பெரும்பாலும் பம்ப்தான், அதுவும் நம் கைப்பழக்கத்தால்.

முதல் தவறு, கையில் பிடிக்கும் கன்னின் ட்ரிகரை விட்டுவிட்டு இன்ஜினை ஓடவிடுவது. சோப்பு தேய்க்கப் போவோம், போன் வரும், பேசிக்கொண்டே நிற்போம். அந்த நேரம் முழுக்க, வெளியே போக வழியில்லாத தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடாகிறது. பல பம்புகளில் ஏறக்குறைய 60 டிகிரி வந்ததும் ஒரு சின்ன வால்வு திறந்து வெந்நீரைக் கீழே கொட்டும். அதைப் பார்த்து ‘லீக்’ என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் சீல்கள்தான் முதலில் போகும். 2 நிமிடத்துக்கு மேல் ட்ரிகரை அழுத்தப் போவதில்லை என்றால் இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்வது இன்னும் மோசம். பம்பைக் குளிர்விப்பதே அந்தத் தண்ணீர்தான். குழாயைத் திறந்து, ட்ரிகரை அழுத்திப் பிடித்து, காற்று போய் தண்ணீர் சீராக வரட்டும். அப்புறம் கயிற்றை இழுங்கள். உள்ளே அழுத்தம் தேங்கியிருக்காது என்பதால் கயிறும் லேசாக வரும்.

போர் தண்ணீர் என்றால் மணல் வரும். தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சல்லடையை ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். அழுத்தம் ஏறி இறங்கித் துடித்தால் முதலில் தண்ணீர் பீய்ச்சும் முனையான நாசிலைப் பாருங்கள். இன்ஜினை அணைத்து, ட்ரிகரை அழுத்தி மீதி அழுத்தத்தை விட்டபின் கழற்றிக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். விரலை அதன் முன்னால் கொண்டுபோகவே கூடாது. தோலைத் துளைத்த நீர் வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே சேதம் பெரிது. பட்டுவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாசில் தேய்ந்தாலும் அழுத்தம் குறையும். அப்போது நாசிலை மாற்றாமல், பம்பின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அன்லோடர் வால்வின் திருகை முறுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நூறு ரூபாய்ச் சாமானுக்குப் பதிலாகப் பம்பையே பலி கொடுக்கிறார்கள்.

ஆயில் இரண்டு என்பதும் பலர் மறப்பது. ஹோண்டா ஜிஎக்ஸ்200 இன்ஜினுக்கு சுமார் 0.6 லிட்டர் ஆயில். முதல் மாற்றம் 20 மணி நேரத்தில், பிறகு 100 மணிக்கு ஒருமுறை அல்லது 6 மாதத்தில். பம்புக்குத் தனி ஆயில், இன்ஜின் ஆயிலை அதில் ஊற்றக்கூடாது. ஆயில் மாற்றும் வகைப் பம்புகளில் பெரும்பாலும் முதல் மாற்றம் 50 மணியில். அந்த ஆயில் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது, சீலை மாற்ற வேண்டும்.

பெட்ரோலை டேங்கிலேயே விட்டு மாதக்கணக்கில் மூலையில் வைப்பது கார்புரேட்டரைக் கொல்லும். இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்தது. பல சிறு இன்ஜின்களின் கையேடுகள் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் கார்புரேட்டருக்குள் துரு பிடிக்கும், பழைய பெட்ரோல் பிசினாகவும் படியும். ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லையென்றால் டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில் உள்ள திருகையும் தளர்த்தி மிச்சத்தை இறக்கிவிடுங்கள்.