நீலகிரிக்குப் புதிதாக வருபவர்களுக்கு: பகிர்ந்து வாழும் வீட்டில் வைஃபை யாருக்கு?

மலேசியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பிறரோடு ஒரே வீட்டில் தங்கும் தமிழர்களுக்கு, ஃபைபர் இணைப்பு பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் பெயரிலோ, முன்பே குடியிருப்பவர் பெயரிலோதான் இருக்கும். அதில் யார் எதைச் செய்தாலும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவரே என்பதால், எந்தெந்தக் கருவிகள் இணையலாம் என்று அவரோடு பேசி முடித்த பின்பே ரவுட்டரில் கை வையுங்கள்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற முகவரியும் நுழைவதற்கான பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். அந்த முகவரியைப் பிரௌசரில் இட்டு உள்ளே சென்றால், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைக் காணலாம். அதில் தெரியாத பெயர் ஒன்றைக் கண்டதும் திருட்டு இணைப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கூடத்துத் தொலைக்காட்சியாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு கருவிக்கும் அதை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடங்கள் கொண்ட மேக் (MAC) முகவரி ஒன்று உண்டு. அதை வைத்துத் தடுப்பதற்கு ரவுட்டரில் வசதி இருக்கிறது. பலரும் அதையே பூட்டாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை சரியல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், கைபேசிகள் தம் உண்மையான முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் தற்செயலான வேறொரு முகவரியைக் காட்டுகின்றன. முகவரியின் இரண்டாவது இடத்தில் 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் அப்படி உருவாக்கப்பட்டதே. கைபேசியின் அமைப்பை மாற்றினால் முகவரியும் மாறிவிடும். தடுக்கப்பட்டவர் மீண்டும் உள்ளே வந்துவிடுவார். மேலும், மேக் முகவரி மறையாக்கம் இன்றியே காற்றில் செல்வதால், அருகில் இருப்பவர் அதைப் படித்துத் தம் கருவிக்குச் சூட்டிக்கொள்ளவும் முடியும்.

உண்மையான பூட்டு கடவுச்சொல்தான். வைஃபையைப் பூட்டும் முறைகளில் டபிள்யூபிஏ2 (WPA2) அல்லது டபிள்யூபிஏ3 (WPA3) பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல் இன்றிப் பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியை அணைத்து, நீளமான புதிய கடவுச்சொல்லை வையுங்கள்; ரவுட்டருக்குள் நுழையும் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். இணைந்திருக்கும் கைபேசியே க்யூஆர் குறியைக் காட்டி அடுத்தவரை இணைத்துவிடும் என்பதால், ஒருவருக்குக் கொடுத்தது அவரோடு நிற்காது. ஏப்ரல், மே சீசனில் மலையேறி வரும் உறவினர்களுக்காகக் கெஸ்ட் நெட்வொர்க்கை, அதாவது விருந்தினருக்கான வேறு வைஃபையை, தனியே திறந்து, அவர்கள் புறப்பட்டதும் அணைத்துவிடுவது நல்லது. அறைத்தோழரின் மடிக்கணினியும் பிரிண்டரும் அவர்கள் கண்ணில் படாமலும் இருக்கும்.

பழைய கல்வீடுகளின் தடித்த சுவர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பெரிதும் தடுப்பதால், உள்ளறையில் இருப்பவர் சிக்னலை வாங்கி மேலும் பரப்பும் எக்ஸ்டெண்டர் கருவியை வாங்கி மாட்டுவதுண்டு. சில எக்ஸ்டெண்டர்களின் வழியே வரும் கருவிகள் எல்லாம் ரவுட்டரில் எக்ஸ்டெண்டரின் முகவரியிலேயே தெரியும் என்பதால், அதன் கடவுச்சொல்லையும் மறவாமல் மாற்றுங்கள். சன்னல் வழியே சரிவில் இறங்கும் சிக்னல் கீழ்வீட்டுக்கும் எட்டும்.

வீட்டைக் காலி செய்து ஒருவர் போகும் அன்றே கடவுச்சொல்லை மாற்றி, மற்றவர்களுக்கும் உரிமையாளருக்கும் தெரிவித்துவிடுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கேபிள் அறுந்து, சரிசெய்ய வருபவர் ரவுட்டரை மாற்றினாலோ ரீசெட் செய்தாலோ நீங்கள் செய்த அமைப்புகள் யாவும் போய்விடும். அவர் கிளம்புவதற்கு முன்பே உள்ளே சென்று பார்த்துவிடுங்கள்.