விண்டோ மேனேஜர் பேக்கேஜ் அடம்பிடித்தால்

லினக்ஸுக்கு எழுதிய விண்டோ மேனேஜரை (திரையில் விண்டோக்களை நிர்வகிக்கும் புரோகிராம்) ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்துக்குப் பேக்கேஜாக மாற்றும்போது கம்பைல் ஆகவில்லையா? பில்ட் பதிவின் (லாக்) கடைசி வரியை விடுங்கள், முதல் எரரைத் தேடுங்கள். எக்ஸ்லிப் (எக்ஸ் விண்டோ சிஸ்டத்தின் லைப்ரரி) ஹெட்டர் ஃபைல் கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் மேக்ஃபைலில் (பில்ட் செய்யும் வழியைச் சொல்லும் ஃபைல்) யாரோ பாதையை நேரடியாக எழுதி வைத்திருப்பார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் அந்த ஹெட்டர் /யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட் அடியில் இருக்கிறது. அந்த வரியை வெறுமனே மாற்றாமல், லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக்கிடம் கேட்கும்படி எழுதுங்கள், அடுத்து போர்ட் செய்பவருக்கும் அது உதவும்.

மேக் கமாண்டே சிண்டாக்ஸ் எரர் காட்டினால் ஜிமேக் (லினக்ஸில் வழக்கமான ஜிஎன்யூ மேக்) போட்டுப் பாருங்கள்.

சரி, பில்ட் ஆகிவிட்டது, ஆனால் பேக்கேஜ் காலி! பேக்கேஜுக்கான ஃபைல்களை எந்த ஃபோல்டருக்குள் போட வேண்டும் என்று சொல்லும் டெஸ்ட்டிர் மாறியை மேக்ஃபைல் மதிக்கவில்லை. ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள யூசராக) ஓட்டியிருந்தால் ஃபைல்கள் நேராக சிஸ்டத்திலேயே போய் உட்கார்ந்திருக்கும், அதனால் இதைச் சாதாரண யூசராகவே ஓட்டுங்கள். அப்புறம், லாகின் திரையில் விண்டோ மேனேஜரின் பெயர் வரவில்லை என்றால் எக்ஸ்செஷன்ஸ் ஃபோல்டரில் டெஸ்க்டாப் ஃபைல் இருக்கிறதா, எதை இயக்க வேண்டும் என்று சொல்லும் அதன் எக்ஸெக் வரி சரியான பைனரியைக் (புரோகிராம் ஃபைல்) காட்டுகிறதா என்று பாருங்கள்.