கியர்பாக்ஸை வீட்டிலேயே இறக்கியது: என் அனுபவம்

பெங்களூரு வீட்டு வாசலில் நான் கியர்பாக்ஸை இறக்கியது முன்சக்கர டிரைவ் உள்ள சின்ன காரில். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கியர் ஆயிலை வடிக்குமுன் ஊற்றும் துளையின் மூடி கழல்கிறதா பாருங்கள். வடித்தபின் அது திறக்காவிட்டால் திரும்ப ஆயில் ஊற்ற முடியாமல் வண்டி அங்கேயே நிற்கும். பிறகு டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்துக்குப் போகும் தண்டு), ஸ்டார்ட்டர், கிளட்ச் கேபிள், கியர் லிங்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

மவுண்டை (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வண்டியோடு பிடித்திருக்கும் தாங்கி) கழற்றுமுன் எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக் கொடுங்கள். கட்டை இல்லாவிட்டால் ஆயில் சம்ப் (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) நசுங்கும்.

போல்ட் எல்லாம் எடுத்தும் பெட்டி அசையாது. எஞ்சினையும் பெட்டியையும் நேராகப் பொருத்தும் டவல் பின் பிடித்திருக்கும். இருபுறமும் மாற்றி மாற்றி மெதுவாக நெம்பணும். அலுமினிய முகத்தில் ஸ்க்ரூடிரைவரை அடித்து நுழைத்தால் கீறல் விழும். கிளட்ச் தட்டுக்குள் நுழைந்திருக்கும் இன்புட் ஷாஃப்ட் முழுதாக வெளிவரும்வரை நேராக இழுங்கள். பாதியில் எடை தொங்கினால் கிளட்ச் தட்டு வளைந்துவிடும். இரண்டாவது ஆள் கட்டாயம்.

இவ்வளவு தூரம் இறக்கிவிட்டு கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும், ஆயில் கசியாமல் தடுக்கும் கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றாமல் விடுவது வீண். உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டுக்குப் பழைய சீலையே மாதிரிக்கு எடுத்துப் போங்கள்.