இன்டரப்ட் கன்ட்ரோலர் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடி காந்தி நகரில் என் வீட்டு முன்னறையில் ஞாயிறு மதியங்களில் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் லேப்டாப்போடு வந்து உட்காருவார்கள். சொந்தமாக ஒரு சின்ன வர்ச்சுவல் மெஷின் எழுதிவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. முதல் சில வாரங்கள் நன்றாகப் போகும். சிபியு ஓடும், மெமரி கிடைக்கும், சீரியல் போர்ட்டில் லினக்ஸின் முதல் வரிகள் வந்து விழும். அப்புறம், டிவைஸ்கள் 'என்னைக் கவனி' என்று கூப்பிடுவதைச் சிபியுவிடம் கொண்டு சேர்க்கும் இன்டரப்ட் கன்ட்ரோலருக்கு வருவார்கள். அங்கேதான் ஒவ்வொருவராக, நான் விழுந்த அதே குழியில் விழுகிறார்கள்.

போன மாதம் குடியாத்தத்திலிருந்து வரும் பையன் ஒருவன் சொன்னான்: "அண்ணா, பிங் போகுது. ஃபைல் காப்பி பண்ணா மட்டும் நடுவுல நின்னுடுது. ஆனா மவுஸை ஆட்டினா மறுபடியும் ஓடுதுண்ணா."

மவுஸ் என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன். போர்ட் எண்ணை மாற்றிப் போடுவது, பழைய பிசியின் இன்டரப்ட் கன்ட்ரோலரான 8259ஏ சிப்புக்கு வரும் தொடக்கக் கட்டளைகளின் வரிசையைக் குழப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை முதல் பூட்டிலேயே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பகிர்ந்த கோட்டை ஒரு டிவைஸ் சொன்னதற்காக விட்டுவிடுவது

வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஆஸ்பத்திரி வார்டு பழகிய இடம். வார்டுக் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே ஆறு கட்டில், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன். எந்தப் பட்டனை அழுத்தினாலும் அதே விளக்குதான் எரியும். நர்ஸ் வந்து மூன்றாம் கட்டிலைக் கவனித்துவிட்டு அந்தப் பட்டனை விடுவிக்கிறார். அதற்குள் ஐந்தாம் கட்டிலில் ஒருவர் அழுத்தியிருந்தால் விளக்கு அணையக் கூடாது. மூன்றாம் கட்டில் வேலை முடிந்தது என்று விளக்கை அணைத்துவிட்டால் ஐந்தாம் கட்டில்காரர் அழுத்திய பட்டனோடு அப்படியே காத்துக் கிடப்பார்.

கார்டுகளைச் செருகும் பிசிஐயின் இன்டரப்ட் கோடும் இதே மாதிரிதான். நிஜ போர்டில் அது ஓப்பன் டிரெயின் கோடு. எந்த டிவைஸும் அதை இழுத்துப் பிடிக்கலாம், எல்லாரும் விட்டால்தான் கோடு பழைய நிலைக்குத் திரும்பும். கார்டுகள் எத்தனை இருந்தாலும் போர்டில் பெரும்பாலும் நாலே கோடுகள்தான். அதனால் பகிர்வு என்பது எப்போதாவது நடக்கும் விஷயம் இல்லை, அன்றாடம் நடப்பது.

புதிதாக எழுதுபவர் என்ன செய்கிறார்? கோட்டு எண்ணைக் கொடுத்தால் 1 அல்லது 0 எழுதும் ஒரு ஃபங்ஷன். டிஸ்க் 'பிடி' என்றால் 1, 'விடு' என்றால் 0. நெட்வொர்க் கார்டும் அதே ஃபங்ஷனைத்தான் கூப்பிடும். யார் கூப்பிட்டார்கள் என்ற தகவல் எங்கேயும் தங்குவதில்லை. அந்தப் பையனின் லாக்கில் இருந்தது இது:

டிஸ்க்: பிடி. கோடு 1.
நெட்வொர்க்: பிடி. கோடு 1.
டிஸ்க்: விடு. கோடு 0.

மூன்றாவது வரியில் கோடு 1 ஆகவே நின்றிருக்க வேண்டும். கெஸ்ட் பக்கம், அதாவது வர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் லினக்ஸில், நடந்தது என்ன என்றால், பகிர்ந்த கோட்டில் இன்டரப்ட் வந்ததும் லினக்ஸ் அந்தக் கோட்டில் பதிவான ஹேண்ட்லர்களை, அதாவது ஒவ்வொரு டிவைஸையும் கவனிக்கும் ஃபங்ஷன்களை, வரிசையாகக் கூப்பிடுகிறது. முதலில் நெட்வொர்க் ஹேண்ட்லர் ஓடி, தனக்கு வேலை இல்லை என்று திரும்பிவிட்டது. அடுத்து டிஸ்க் ஹேண்ட்லர் ஓடும்போது ஒரு பாக்கெட் வந்து நெட்வொர்க் கார்டு கோட்டைப் பிடிக்கிறது. டிஸ்க் ஹேண்ட்லர் தன் வேலையை முடிக்க, டிஸ்க் கோட்டை விட, எமுலேட்டர், அதாவது அந்தப் பையன் எழுதிய புரோகிராம், கோட்டை 0 ஆக்கிவிடுகிறது. நெட்வொர்க் கார்டோ தான் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறது. அடுத்த பாக்கெட்டுக்கு மறுபடி 'பிடி' சொல்லாது. காப்பி நடப்பது நெட்வொர்க்கிலிருந்து டிஸ்குக்கு. பாக்கெட் வராமல் டிஸ்குக்கு எழுத எதுவும் இல்லை, டிஸ்க் இன்டரப்ட் இல்லாமல் அந்தக் கோடு அசையப் போவதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிட்டன. யுஎஸ்பி கன்ட்ரோலரும் அதே கோட்டில் இருந்ததால், மவுஸை ஆட்டினால் யுஎஸ்பி கோட்டைப் பிடிக்கும், மூன்று ஹேண்ட்லரும் ஓடும், நெட்வொர்க் கார்டில் தேங்கியது எல்லாம் வெளியே வரும். பிங் மட்டும் போனபோது டிஸ்க் சும்மா இருந்ததால் சிக்கல் தெரியவே இல்லை.

இதே தவறுக்கு நான் மூன்று வாரம் கொடுத்திருக்கிறேன். அப்போது சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறை. கத்திரி வெயில் நேரம். நெட்வொர்க் டிரைவரைச் சந்தேகப்பட்டேன், டிஎம்ஏவைச் சந்தேகப்பட்டேன், ஹோஸ்டின், அதாவது எமுலேட்டர் ஓடும் நிஜ மெஷினின், கெர்னலைக்கூட மாற்றிப் பார்த்தேன். லாக் போட்டால் நேரம் மாறி பிழை ஒளிந்துகொள்ளும். கடைசியில் ஒவ்வொரு 'பிடி', 'விடு'க்கும் டிவைஸ் பெயரை மெமரியில் ஒரு வளையத்தில் மட்டும் எழுதி, நின்றுபோன பிறகு அதைக் கொட்டிப் பார்த்தபோதுதான் மேலே உள்ளது போன்ற மூன்று வரி வந்தது. அதனால்தான் இந்தத் தவறைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் விட்டதற்கு மூன்று வாரம்.

அந்த ஐந்து நிமிட வேலை இதுதான். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு எண், அதில் டிவைஸுக்கு ஒரு பிட். 'பிடி' என்றால் அந்த டிவைஸின் பிட்டை வை, 'விடு' என்றால் எடு. எண் பூஜ்யமாக இல்லாத வரை கோடு பிடிபட்டிருக்கிறது. பிட்டுக்குப் பதில் வெறும் எண்ணிக்கை வைத்தால் எச்சரிக்கையாக இருங்கள். ஒரே டிவைஸ் இரண்டு முறை 'பிடி' சொன்னால் எண்ணிக்கை 2 ஆகும், ஒரு 'விடு' போதாது, கோடு விடுபடவே விடுபடாது. அப்போது இன்டரப்ட் மழையாகக் கொட்டும். ஒரு லட்சம் இன்டரப்டில் 99,900க்கு மேல் யாருக்கும் சொந்தமில்லை என்றால் லினக்ஸ் 'நோபடி கேர்ட்' என்று எழுதிவிட்டு அந்தக் கோட்டையே அடைத்துவிடும். எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் டிவைஸின் நிலை நிஜமாக மாறும்போது மட்டும் கூட்டிக் கழியுங்கள்.

இது பாதிதான். மீதி, கோட்டை எப்போது மறுபடி பார்க்கிறோம் என்பது. லெவல் வகைக் கோடு ஒரு சம்பவம் இல்லை, ஒரு நிலை. கெஸ்ட் இஓஐ எழுதியதும், அதாவது 'கவனித்துவிட்டேன்' என்று கன்ட்ரோலரிடம் சொன்னதும், கோடு இன்னும் பிடிபட்டிருந்தால் இன்டரப்ட் மறுபடி போக வேண்டும். 8259ஏவுக்குப் பின் வந்த கன்ட்ரோலரான ஐஓ ஏபிக்கில் இதற்கு ரிமோட் ஐஆர்ஆர் என்ற பிட் இருக்கிறது. லெவல் இன்டரப்டை, சிபியு ஒவ்வொன்றோடும் இருக்கும் லோக்கல் ஏபிக் ஏற்றுக்கொண்டதும் அது 1 ஆகும், அந்த வெக்டருக்கு, அதாவது சிபியு பார்க்கும் இன்டரப்ட் எண்ணுக்கு, இஓஐ வந்ததும் 0 ஆகும். 1 ஆக இருக்கும்வரை மறுபடி அனுப்பக் கூடாது. இஓஐ வந்ததும் பிட்டை 0 ஆக்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள், கோட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கேயும் இன்டரப்ட் தொலையும்.

8259ஏவில் இன்னொரு இடம் இருக்கிறது, இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. லினக்ஸ் லெவல் கோட்டை முதலில் மாஸ்க் செய்து, அதாவது தற்காலிகமாக அடைத்து, உடனே இஓஐ கொடுத்து, அதன் பிறகு ஹேண்ட்லரை ஓட்டி, கடைசியில்தான் மாஸ்கை எடுக்கிறது. அதாவது இஓஐ நேரத்தில் கோடு மாஸ்கில் இருக்கும். மாஸ்க் ரிஜிஸ்டரில் எழுதும்போதும் நீங்கள் எல்லாக் கோட்டையும் மறுபடி பார்த்தால்தான் அது ஓடும்.

சிலர் காரணம் தேடாமல் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எல்லாக் கோட்டையும் பார்க்கும் டைமர் ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். காப்பி நிற்காது, ஆனால் ஒவ்வொரு தொலைந்த இன்டரப்டுக்கும் அந்த டைமர் வரும்வரை காத்திருக்கும். அந்தப் பையனும் முதலில் அதைத்தான் செய்து வைத்திருந்தான். எடுக்கச் சொன்னேன்.

7ஆம் கோட்டில் வரும் ஆளில்லா இன்டரப்ட்

சிபியு, வெக்டர் என்ன என்று கேட்க வரும்போது, இன்டரப்ட் எழுப்பிய டிவைஸ் ஏற்கெனவே கோட்டை விட்டிருக்கலாம். அப்போது 8259ஏ, 7ஆம் கோட்டின் வெக்டரைக் கொடுக்கும், ஆனால் இப்போது கவனிப்பில் இருப்பவற்றைக் குறிக்கும் ஐஎஸ்ஆர் ரிஜிஸ்டரில் அந்த பிட்டை வைக்காது. புதியவர்கள் இந்த இடத்தில் 'நடக்கக் கூடாதது' என்று புரோகிராமையே நிறுத்திவிடுகிறார்கள், அல்லது ஐஎஸ்ஆரிலும் பிட்டை வைத்துவிடுகிறார்கள். இரண்டாவதுதான் மோசம். லினக்ஸ் ஐஎஸ்ஆரைப் படித்துப் பார்த்துத்தான் நிஜமா போலியா என்று தீர்மானிக்கிறது.

பிசியில் 8259ஏ இரண்டு, இரண்டாவது முதல் சிப்பின் 2ஆம் கோட்டில் தொங்கும். இரண்டாம் சிப்பில், அதாவது 15ஆம் கோட்டில் இப்படி நடந்தால் முதல் சிப்பின் ஐஎஸ்ஆரில் 2ஆம் பிட் நிஜமாகவே விழும். அதற்கு இஓஐ வரும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாம் சிப்புக்கு அது தேவையில்லை.

எஸ்டிஐக்கு அடுத்த ஒரு இன்ஸ்ட்ரக்ஷன்

இன்டரப்டுகள் மூடியிருக்கும் நிலையில் எஸ்டிஐ கொடுத்துத் திறந்தாலும், அதற்கு அடுத்த இன்ஸ்ட்ரக்ஷன் முடியும்வரை இன்டரப்டை உள்ளே விடக் கூடாது. கெர்னலின் ஐடில் லூப் இதை நம்பித்தான் வாழ்கிறது: இன்டரப்டை மூடு, வேலை ஏதாவது இருக்கிறதா பார், இல்லையென்றால் எஸ்டிஐ, உடனே சிபியுவை அடுத்த இன்டரப்ட் வரும்வரை தூங்கவைக்கும் ஹெச்எல்டி. எமுலேட்டர் இரண்டுக்கும் நடுவில் இன்டரப்டைக் கொடுத்தால் ஹேண்ட்லர் ஓடி ஒரு வேலையை வரிசையில் போடும், திரும்பி வந்து ஹெச்எல்டியில் படுத்துவிடும். வேலை வரிசையில் கிடக்கும். கீபோர்டில் தட்டும் எழுத்து ஒரு கணம் தாமதித்து வருகிறது என்றால் இங்கே பாருங்கள். அடுத்த டைமர் வந்துதான் அதை எழுப்புகிறது.

ஐஆர்ஆரைக் கியூ என்று நினைப்பது

ஐஆர்ஆர் என்பது காத்திருக்கும் இன்டரப்டுகளைக் குறிக்கும் ரிஜிஸ்டர். அது கியூ இல்லை. ஒரு வெக்டருக்கு ஒரு பிட். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று காத்திருக்கலாம், மூன்றாவது அதோடு கலந்துவிடும். எண்ணிக் கொடுக்க முயலாதீர்கள்.

இதனால் டைமர் டிக் தொலைந்து கெஸ்ட் கடிகாரம் பின்னால் போவது உண்மை. நிஜ மெஷினில் டிக் ஒவ்வொன்றுக்கும் சிபியு கையில் இருக்கும், நம்மிடம் ஹோஸ்ட், அந்தச் சிபியுவை ஓட்டும் திரெட்டை 30 மில்லிசெகண்ட் ஓரமாக வைத்துவிடலாம். தொலைந்ததை டைமர் டிவைஸ் கணக்கு வைத்து, கெஸ்ட் முந்தையதை ஏற்றுக்கொண்ட பிறகு ஒவ்வொன்றாகக் கொடுக்கட்டும். அந்த வேலை கன்ட்ரோலருடையது இல்லை.

வெக்டர் 0 முதல் 15 வரை

லோக்கல் ஏபிக் வழியாக அனுப்பாதீர்கள். எரர் ரிஜிஸ்டரில் காட்டுங்கள்.

முன்னுரிமை

லோக்கல் ஏபிக்கில் வெக்டரின் மேல் 4 பிட்டை மட்டும் ஒப்பிட்டுத் தடுங்கள். 8 பிட்டையும் இல்லை.

ஸ்னாப்ஷாட்

மெஷினின் நிலையைச் சேமிக்கும்போது ஐஆர்ஆர், ஐஎஸ்ஆர், மாஸ்க் இவற்றோடு எந்த டிவைஸ் எந்தக் கோட்டைப் பிடித்திருக்கிறது என்பதையும் சேமியுங்கள். மேலே சொன்ன பிட்டுகள்தான்.

சோதிப்பது எப்படி

லினக்ஸின் வர்ச்சுவல் மெஷின் வசதியான கேவிஎம்முக்கு எழுதிய கேவிஎம் யூனிட் டெஸ்ட்ஸ் தொகுப்பில் ஏபிக்குக்கும் ஐஓ ஏபிக்குக்கும் தனித்தனிச் சோதனைகள் இருக்கின்றன. முதலில் அவற்றை ஓட்டுங்கள். பகிர்ந்த கோட்டுக்கு நான் வைத்திருக்கும் சோதனை வேறு. பிசிஐயில் கோடுகள் ஸ்லாட் எண்ணை வைத்துச் சுழன்று வருவதால், நாலு தள்ளி இருக்கும் ஸ்லாட்டுகள் வழக்கமாக ஒரே கோட்டில் விழும். டிஸ்கை 3இல், நெட்வொர்க்கை 7இல் வையுங்கள். யுஎஸ்பியை எடுத்துவிடுங்கள், மவுஸ் காப்பாற்றக் கூடாது. சில ஜிபி ஃபைலை நெட்வொர்க்கிலிருந்து டிஸ்குக்கு இழுக்க விட்டு, காப்பி நடக்கும்போதே இன்னொரு விண்டோவில் டிஸ்க் முழுக்கப் படிக்கும் கட்டளையையும் ஓட்டுங்கள். அந்தப் பையன் இதை ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு, காலையில் ஆறு மணிக்கு எனக்கு போன் செய்தான்: "நிக்கலண்ணா."