புதிய புஷ் மூன்று மாதத்தில் கிழிந்தால் கடைக்காரரைத் திட்டாதீர்கள்

இறம்பொடை வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் என் பழைய கொரோல்லா வேகன் இடப்பக்கம் இழுத்தது. குழியில் சக்கரம் இறங்கினால் காலடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோவர் ஆர்ம், வாகனத்தின் சட்டத்தோடு சேருமிடத்தில் உள்ள ரப்பர் புஷ்ஷை மாற்றி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. போலிச் சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரை மனத்துக்குள் திட்டித் தீர்த்தேன். கழற்றிப் பார்த்தால், ரப்பர் தேயவே இல்லை. ஒரே திசையில் முறுக்குண்டு கிழிந்திருந்தது.

பிழை, புஷ்ஷைப் பிடிக்கும் போல்ட்டை இறுக்கிய நேரத்தில் இருந்தது. இந்தப் புஷ்ஷில் உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஒன்று. நடுவில் ரப்பர் இரண்டோடும் ஒட்டியிருக்கும். போல்ட் இறுகியதும் உள்குழாய் அசையாது. அதன்பின் ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுகுவதால்தான். வாகனம் ஜெக்கில் நிற்க, சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், ரப்பர் அந்த நிலையையே தன் இயல்பு நிலையாக எடுத்துக்கொள்ளும். வாகனத்தைக் கீழே இறக்கியதும் அது நாள் முழுவதும் முறுகியபடியே கிடக்கும். ஆகவே போல்ட்டை முதலில் கையிறுக்கமாக விட்டு, நான்கு சக்கரமும் தரையில் நிற்க, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விட்டபின்தான் முழுதாக இறுக்க வேண்டும். கீழே நுழைய இடமில்லையென்றால் சக்கரங்களுக்கு அடியில் தடித்த பலகை வைத்து இறக்கலாம். கராஜ் பாஸிடம் இதை வேலை தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். முடிந்தபின் சொன்னால் முகம் சுளிப்பார்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாமெல்லாம் பழையதையே ஒட்டிப்போட்டு ஓட்டினோம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த உதிரிப்பாகங்கள் தேடினோம். வளையாத, வெடிப்பில்லாத ஆர்ம் கிடைத்தால் வாங்குங்கள். அதோடு வரும் போல் ஜொயின்ட்டையும் (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் குமிழ் மூட்டு) புஷ்ஷையும் மட்டும் நம்பாதீர்கள்.

சத்தம் கேட்டதும், குலுக்கலை அடக்கும் ஷொக் அப்சோபரை மாற்றுவது அடுத்த தவறு. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டிப் பாருங்கள்: ஆட்டம் நின்றால் சக்கரத்தின் பெயரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ட்டைச் சந்தேகிக்கலாம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ரொட் முனையைப் பாருங்கள். ஷொக் அப்சோபரே போயிருந்தால் இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

டொல்பின் (டொயோட்டா ஹையேஸ்) வேன்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முன்பக்கம் அமுங்கினால் ஸ்பிரிங்காக வேலைசெய்யும் டோர்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பியின் போல்ட்டை முறுக்கி உயர்த்திவிடுவார்கள். வேன் உயரும்; ஸ்பிரிங் அதனால் விறைப்பாகாது. சக்கரம் கீழிறங்க மிச்சமிருந்த இடம்தான் குறையும். பிறகு ஒவ்வொரு குழியிலும் அடி விழும்.

போல் ஜொயின்ட்டைக் கழற்ற அதன் மரை முனையிலேயே சுத்தியலால் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மரை நசுங்கினால் நட் ஏறாது. நட்டை முழுதாகக் கழற்றாமல் சில சுற்று தளர்த்தி விட்டு, ஜொயின்ட்டின் கூம்புத் தண்டு உட்கார்ந்திருக்கும் துளைக்கண்ணின் பக்கவாட்டில் அடித்தால் விட்டுவிடும். திரும்பப் பூட்டும்போது, நட் கழராமலிருக்கக் குறுக்கே செருகும் கோட்டர் பின்னின் துளை நேராக வரவில்லையா? நட்டைத் தளர்த்தாதீர்கள்; நட்டின் அடுத்த வெட்டு துளைக்கு நேராக வரும்வரை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவதும் வேண்டாம். புதியது ஒரு பிளேன்ரீயை விட மலிவு.

நம் மலையகத்தில் சமதரை கிடைப்பதே அரிது. லயத்து முற்றமோ வீதியோரமோ, எங்கும் சரிவுதான். சரிவில் ஜெக் சாய்ந்துவிடும்; பழைய வாகனத்தின் ஹேண்ட் பிரேக்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். ஜெக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். இரும்பு ஸ்டாண்ட் வேண்டும்.

சேர்விஸ் முடிந்ததும் துருப்பிடிக்காமலிருக்க அடிப்பாகமெங்கும் டீசலோ கழிவு எண்ணெயோ அடிப்பது இன்னொரு கேடு. இரும்புக்கு நல்லதுதான். ரப்பர் ஊதி மெத்தென்றாகிவிடும். போல் ஜொயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்தால் மழைக்காலச் சேறு உள்ளே போய்விடும்; அதன்பின் எவ்வளவு கிரீஸ் வைத்தும் பயனில்லை.

அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்ப்பது கடைசி வேலை. தேய்ந்த ஜொயின்ட்டை வைத்துக்கொண்டு பார்த்தால், அந்த அளவு இயந்திரத்திலிருந்து இறங்கி முதல் வளைவு வரைதான் நிற்கும்.

கழற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனது கிழிந்த புஷ் இன்னும் வேகனின் டேஷ்போர்டில்தான் கிடக்கிறது. புதிய கராஜுக்குப் போகும்போது வாயால் விளக்குவதைவிட அதை எடுத்து நீட்டுவது சுலபமாக இருக்கிறது.