சைப்ரஸ் தென்கரையில் காரில் செல்ல: முதல்முறை ஓட்டுபவர்களுக்கான வழிகாட்டி

மத்தியதரைக் கடல் தீவு ஒன்றை முதன்முதலாகக் காரில் சுற்றப் போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர் சைப்ரஸ். 1960 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தீவு இது. இன்றும் அங்கே வண்டிகள் சாலையின் இடப்பக்கம்தான் ஓடுகின்றன. ஸ்டியரிங்கும் நமக்குப் பழகிய வலப்பக்கத்தில்தான். முழுத் தீவையும் அள்ளிவிட ஆசைப்படாதீர்கள். லார்னகாவிலிருந்து பாஃபோஸ் வரையிலான தென்கரை ஒன்றே முதல் பயணத்துக்குப் போதும்.

1. திசையை முடிவு செய்யுங்கள்

லார்னகாவில் இறங்கி மேற்கு நோக்கி ஓட்டுங்கள். அப்படிப் போனால் கடல் உங்கள் இடப்பக்கம், அதாவது நீங்கள் ஓட்டும் ஓரத்திலேயே வரும். கடலைப் பார்க்க ஒதுங்கும் இடங்களில் பெரும்பாலும் எதிர்வரும் வண்டிகளைக் கடந்து திரும்ப வேண்டியிருக்காது. காலையில் கிளம்பினால் வெயிலும் முதுகுப்பக்கம் இருக்கும். மாலையில் இதே சாலையில் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். பாஃபோஸிலும் விமான நிலையம் உண்டு. காரை அங்கேயே ஒப்படைக்க முடியுமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் நல்லவை. பழைய நகரங்களின் இடிபாடுகளில் நிழல் குறைவு. கோடையில் குழந்தைகளோடு அங்கே நிற்பது கடினம்.

2. காரை எடுக்கும்போது

ஊரிலுள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி பெற்று, அசல் உரிமத்தோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். சிறிய கார் போதும். கீறல்களைப் படம் எடுத்த பிறகே சாவியை வாங்குங்கள். வாடகைக் காரின் எண் பலகை சிவப்பு நிறத்தில் இருக்கும். வெளியூர்க்காரர் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். காப்பீட்டுப் பத்திரத்தில் டயரும் அடிப்பாகமும் அடங்குமா என்று பாருங்கள். 1974 முதல் பிரிந்து கிடக்கும் வடபகுதிக்கு இந்தக் காப்பீடு பொதுவாகச் செல்லாது.

3. சாலை விதிகள்

நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர், ஊருக்குள் 50. ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட்டே ஆக வேண்டும். நம் சாலைகளில் முந்துபவருக்கே வழி என்று பழகியவர்கள் இதில் மிகுந்த கவனம் வைக்க வேண்டும்.

4. வழியில் இறங்க வேண்டிய இடங்கள்

லார்னகாவிலிருந்து லிமாசோல் போகும் நெடுஞ்சாலையை ஒட்டியே கிரோகிட்டியா இருக்கிறது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் வட்ட வீடுகள் கட்டி, இறந்தவர்களை அந்த வீட்டுத் தரைக்கடியிலேயே புதைத்து வாழ்ந்த ஊர்.

லிமாசோலைத் தாண்டியதும் நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, பி6 என்னும் பழைய கரையோரச் சாலைக்கு மாறுங்கள். இந்தப் பயணத்தின் உயிரே இந்தச் சாலைதான். ஓரிடத்தில் பிரிட்டிஷ் ராணுவத் தளப் பகுதியைக் கடக்கும். அங்கே ராணுவக் கட்டடங்களைப் படம் எடுக்க வேண்டாம்.

அடுத்து வரும் கூரியான் என்னும் பழைய நகரத்தின் இடிபாடுகளுக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். செங்குத்துப் பாறை மேல் கடலைப் பார்த்தபடி நிற்கும் நாடக அரங்கைப் படம் எடுத்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமே. அருகிலேயே யூஸ்டோலியோஸ் என்பவரின் பழைய இல்லத்தின் தரைச் சித்திரங்கள் இருக்கின்றன. ஒன்றில் ‘படைப்பு’ பெண்ணுருவாக, கையில் ஓர் அடிக்கோலோடு நிற்கிறாள். இன்னோரிடத்துக் கிரேக்க வரிகள், இந்த இல்லத்தைக் காப்பவை கல்லும் இரும்பும் அல்ல, கிறிஸ்துவின் அடையாளங்களே என்கின்றன. நான்காம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் சிதைந்த நகரம் மீண்டும் எழுந்தபோது எழுதிய வரிகள் இவை. அந்த நடுக்கத்தில் இறந்த குடும்பம் ஒன்றின் எலும்புகளை ஆய்வாளர்கள் இங்கே தோண்டி எடுத்திருக்கிறார்கள். அதை அறிந்து படிக்கும்போது அந்த நம்பிக்கையின் கனம் புரியும்.

அடுத்தது பெட்ரா டூ ரோமியூ, காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி கடல் நுரையிலிருந்து எழுந்ததாகச் சொல்லப்படும் பாறை. கார் நிறுத்துமிடம் சாலையின் மறுபுறம். கரைக்குச் சுரங்கப் பாதை உண்டு, சாலையைக் குறுக்கே கடக்காதீர்கள். கரை முழுவதும் கூழாங்கற்கள், நல்ல செருப்பு தேவை. அங்கிருந்து சற்றுத் தொலைவில் கூக்லியா. அத்தெய்வத்தின் பழைய கோயில் இங்குதான் இருந்தது. மனித உருவச் சிலையை வைக்காமல் கூம்பு வடிவக் கறுப்புக் கல்லையே வணங்கியிருக்கிறார்கள். அக்கல்லை அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

5. பாஃபோஸில் காரை நிறுத்திவிடுங்கள்

துறைமுகத்தருகே நிறுத்திவிட்டு நடந்தே தொல்லியல் பூங்காவுக்குப் போகலாம். 1962இல் உழவர் ஒருவரின் ஏர் தட்டி வெளிப்பட்ட டயோனிசஸ் இல்லத்தை முதலில் பாருங்கள். சிறுத்தைகள் இழுக்கும் தேரில் கிரேக்கர்களின் மதுக் கடவுளான டயோனிசஸ் இந்தியாவை வென்று திரும்பும் காட்சி தரையில் விரிந்திருக்கிறது. பிடிபட்ட இந்தியர்களும் கருநிறத்தில் அதில் இருக்கிறார்கள். அந்த உருவங்களின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பாறையில் குடைந்த ‘அரசர் கல்லறை’களுக்கு மாலையில் செல்லுங்கள், அங்கே புதைக்கப்பட்டவர்கள் அரசர்கள் அல்லர், உயர்குடியினர்.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் அகாமாஸ் தீபகற்பம் போகலாம். அங்கே பல பாதைகள் கரடுமுரடான மண்பாதைகள். சிறிய வாடகைக் காரை ஊர் எல்லையில் விட்டுவிட்டு, ஜீப் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.